கோடியை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்

தமிழ்நாட்டுக்கு ஒரு கம்பெனி வருகிறது என்றால் செய்தி எப்போதும் ஒரே அச்சில்தான் இருக்கும். "இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலைவாய்ப்பு." பக்கத்திலேயே இரண்டு பேர் சிரித்தபடி கோப்பு மாற்றிக்கொள்ளும் படம். இதில் மூன்றாவதாக ஒரு எண்ணும் உண்டு. அந்தக் கம்பெனிக்காக அரசு எவ்வளவு வரியை விட்டுக்கொடுக்கிறது என்பது. அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. இந்தப் பதிவு அந்த மூன்றாவது எண்ணைப் பற்றியது. வரி என்றதும் ஓடிவிடாதீர்கள் மக்களே, கணக்கு கொஞ்சம்தான் வரும் :-)

முதலில், சலுகை எதற்கு? ஒரு கம்பெனிக்காரர் இடம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் பக்கம் போனால் துறைமுகம், விமான நிலையம், உதிரிபாகம் செய்து தரும் ஆட்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். எங்கள் தேவிபட்டினத்துக்கு வந்தால் நவபாஷாணம், கடல், கருவேலமரம். அவர் ஏன் இங்கே வரவேண்டும்? "வந்தால் நீ கட்டும் வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன்" என்று அரசு சொன்னால் ஒருவேளை யோசிப்பார். வரிச்சலுகையின் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான்.

இது பழைய பழக்கம். 1990-களில் மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு விற்பனை வரியைத் தள்ளுபடி செய்தன, அல்லது பல வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்றன. இப்படியே போனால் எல்லோர் கஜானாவும் காலியாகும் என்று புரிந்து, 2000 ஜனவரி 1 முதல் இந்தச் சலுகைகளை நிறுத்துவதாக மாநிலங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. நின்றதா? பொதுத் திட்டமாக இருந்தது, பெரிய கம்பெனிகளோடு தனித்தனி ஒப்பந்தமாக மாறியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வரியையே விலக்குவது முடியாமல் போனது. அதனால் கட்டிய மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருகிறார்கள். இதிலும் ஒரு சிக்கல். ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. ராமநாதபுரத்தில் செய்து டெல்லியில் விற்றால் தமிழ்நாட்டுக்கு வரி வராது. வராத வரியை எப்படித் திருப்பித் தருவது? ஆகவே விற்றுமுதலில் இத்தனை சதவீதம், அல்லது போட்ட மூலதனத்தில் இத்தனை சதவீதம் என்று மானியமாகவும் தருகிறார்கள்.

2021-ல் வந்த தமிழ்நாடு தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. சென்னையும் சுற்றுப்புறமும் ஏ. ராமநாதபுரம் உள்ளிட்ட தென்மாவட்டங்கள் சி. சி-க்குப் போனால் சலுகை அதிகம். பின்தங்கிய இடத்துக்குக் கூடுதல் தூண்டில், நியாயம்தானே? நியாயம்தான். என் கேள்வி வேறு. எதை அளந்து இந்தச் சலுகையைக் கொடுக்கிறார்கள்?

இதற்குப் பதில் தேட வெளியூர் போகவேண்டாம். எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கமுதி பக்கம், 2016 செப்டம்பரில் அதானி குழுமத்தின் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 4,550 கோடி ரூபாய், 25 லட்சம் சோலார் பேனல். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்றார்கள். சுமார் 8,500 பேர் வேலை செய்து 8 மாதத்தில் கட்டி முடித்தார்கள். நிஜமாகவே சாதனைதான், அதை மறுக்கவில்லை.

கட்டி முடித்த பிறகு? சோலார் பேனலுக்கு ஷிப்ட் போட்டு ஆள் நிற்கவேண்டாம். தூசி படிந்தால் துடைக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை. அதையும் அங்கே ரோபோக்கள் செய்கின்றன! எத்தனை ஆயிரம் கோடி என்று பார்த்தால் மாவட்டத்தின் தலையெழுத்தே மாறியிருக்க வேண்டும். வருடம் முழுக்க எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு.

இது கம்பெனியின் குற்றமில்லை. சூரிய மின்சாரத்தின் இயல்பே அது. சலுகையின் வடிவத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2012 சூரிய சக்திக் கொள்கை, உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு 5 ஆண்டு மின்வரி விலக்கு தந்தது. மத்திய வருமான வரியில், 2017 மார்ச் வரை சூரிய மின் கருவிகளின் மதிப்பில் 80 சதவீதத்தை ஒரே ஆண்டில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். ஒன்று யூனிட்டை எண்ணுகிறது, இன்னொன்று இயந்திரத்தை எண்ணுகிறது. ஆளை எண்ணுவது எதுவுமில்லை. மின்சாரம் வேண்டும் என்று கொடுத்த சலுகைக்கு மின்சாரம் கிடைத்தது. அதை வேலைவாய்ப்பு என்று நாம் நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் நமக்குத்தான்.

சின்ன அளவிலும் இதே நோய். பின்தங்கிய ஒன்றியங்களில் சிறுதொழில் தொடங்கினால் இயந்திர மதிப்பில் 25 சதவீதம் மாநில மானியம். 25 பேருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தால் கூடுதலாக 5 சதவீதம். இயந்திரத்துக்கு 25, ஆளுக்கு 5. அந்தக் கூடுதல் 5-ஐயும் இயந்திர மதிப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்!

ஆளை எண்ணும் சலுகை இல்லவே இல்லையா? உண்டு. வருமான வரியில் 80ஜேஜேஏஏ என்று ஒரு பிரிவு, 2016-ல் விரிவாக்கப்பட்டது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் புதிதாக ஆள் சேர்த்தால், அந்தச் சம்பளத்தில் 30 சதவீதத்தை 3 ஆண்டுகளுக்குக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். கணக்கு போடுவோம். மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. அதில் 30 சதவீதம் 54,000. வரி 25 சதவீதம் என்றால் முதலாளிக்கு ஒரு ஆளுக்கு வருடம் 13,500 ரூபாய் மிச்சம். லாபம் இருந்து வரி கட்டுபவருக்குத்தான் இது பயன்படும் என்பது ஒரு குறை. ஆனால் வேலை இல்லையென்றால் சலுகையும் இல்லை, கணக்கு நேர். 2025 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவும் இதே வழிதான். புதிய ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குத் தருகிறது, பி.எஃப். கணக்கை வைத்துச் சரிபார்க்கிறது.

நம் மாநில அரசுக்கும் இந்த வித்தை தெரியும். 2024-25 பட்ஜெட்டில், உலக நிறுவனங்கள் இங்கே வைக்கும் திறன் மையங்களுக்கு ஒரு சம்பள மானியம் அறிவித்தார்கள். முதல் ஆண்டு 30 சதவீதம், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10. எந்த வேலைக்குத் தெரியுமா? மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள வேலைக்கு! இந்த மையங்கள் பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஒரு லட்சம் வாங்குபவருக்கு ஆளை எண்ணிச் சம்பளத்தில் பங்கு தர முடிகிறது. 15,000 ரூபாய்க்கு நண்டு அவித்துச் சதை எடுக்கும் எங்கள் கடற்கரைப் பெண்ணுக்கு ஏன் முடியாது?

ஆளை எண்ணினால் என்ன பாதுகாப்பு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 2017-ல் விஸ்கான்சின் மாநிலம் பாக்ஸ்கானுக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாக ஒப்புக்கொண்டது. பதிலுக்கு 13,000 வேலை. வேலை வரவில்லை. 2018-க்கான இலக்கை எட்டாததால் அந்த ஆண்டின் சலுகையும் போகவில்லை. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று சுருக்கினார்கள். நிலத்துக்கும் சாலைக்கும் செலவழித்தது போனதுதான். ஆனால் பெரும் தொகை தப்பியது, காரணம் அது ஆளைக் காட்டினால்தான் பணம் என்று எழுதப்பட்டிருந்தது.

இங்கே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2005-ல் ஒப்பந்தம், 2006-ல் உற்பத்தி, கட்டிய வாட் வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். அப்புறம் வருமான வரி வழக்கு, மாநில விற்பனை வரி நோட்டீஸ் என்று சிக்கி, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. வேலை இருந்த காலத்தில் அது நிஜமான வேலை. ஆனால் சலுகை விற்பனையைத்தான் பின்தொடர்ந்தது, ஆளை அல்ல. வேலை இழந்த குடும்பங்களுக்குச் சொல்ல அதில் ஒரு வரி கூட இல்லை.

"சலுகை கொடுக்காவிட்டாலும் வந்திருப்பார்களே" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. டிமோத்தி பார்டிக் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் சொன்னது: சலுகையால் உண்மையில் முடிவை மாற்றிக்கொண்ட கம்பெனிகள் 2 முதல் 25 சதவீதம்தான். மீதிப் பேர் எப்படியும் வந்திருப்பார்கள். அதனால்தான் எப்படியும் வரும் இடத்தில் கொடுப்பதைக் குறைத்து, வராத இடத்தில் கொடுக்கச் சொல்கிறேன்.

"உள்ளூர்க்காரனுக்கே வேலை என்று சட்டம் போட்டால் என்ன?" ஹரியானா 75 சதவீதம் என்று போட்டது, 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழி கல்லும் முள்ளும். தொழிற்சாலை பஸ் தூரத்தில் இருந்தாலே வேலைக்கு வருபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். பெரம்பலூர் எறையூரில் 2023-ல் காலணித் தொழிற்சாலை திறந்தார்கள். ஆள் பலம் வேண்டிய தொழில், பின்தங்கிய மாவட்டம். அது சரியான பொருத்தம்.

மறுபக்கம், வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தேவையான விடுதிதான். ஆனால் எங்கள் பக்கம் டிகிரி முடித்த பெண்களில் எத்தனை பேரை வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்புவார்கள்? பையன்கள் துபாய்க்கோ மலேசியாவுக்கோ போய்விடுவார்கள். பெண்கள் சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு 4,000 கோடி முதலீடு வேண்டாம். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வரும்படி, 200 பேர் வேலை பார்க்கும் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையோ, கடல்பாசி ஆலையோ, தையல் ஆலையோ போதும்.

எனவே நான் கேட்பது இரண்டே இரண்டு. சி பிரிவு மாவட்டங்களில் சலுகையின் பெரும்பகுதியைப் பி.எஃப். பட்டியலில் உள்ள பெயர்களுக்கு ஏற்பக் கொடுங்கள், ஒரு லட்சம் சம்பளத்துக்குக் கொடுத்த அதே 30, 20, 10 கணக்கில் கொடுத்தாலே போதும். அடுத்தது, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சொன்ன வேலை எத்தனை, வந்த வேலை எத்தனை, விட்ட வரி எவ்வளவு என்று மாவட்ட வாரியாக வருடம் ஒருமுறை வெளியிடுங்கள். வரியை வேலையால் வகுக்க எங்களுக்குத் தெரியும், அதை நாங்களே செய்துகொள்கிறோம்.