கடவுச்சொல்லில் உள்ள ‘சொல்’

தமிழில் ‘சொல்’ என்பது பெயராகவும் வரும், ஏவலாகவும் வரும். கடவுச்சொல் என்னும்போது அது பெயர். தொலைபேசியில் ஒருவர் “வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்னும்போது அது ஏவல். இணையவழிப் பண மோசடிகள் பலவும் இந்தப் பெயரை ஏவலாக்கும் முயற்சிகளே.

மொழியியல் பயில்வோர் ஜே. எல். ஆஸ்டினை அறிவர். அவர் மறைவுக்குப் பின் 1962-இல் வெளிவந்த நூல், சில கூற்றுகள் செய்தி தெரிவிப்பதோடு நிற்பதில்லை, செயலையே நிகழ்த்துகின்றன என்று காட்டியது. “உறுதியளிக்கிறேன்” என்று சொல்வதே உறுதியளிப்பது. ஓடிபியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதை வெறும் தகவல் என்று எண்ணுவதால்தான் கேட்டவுடன் சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் அது கையொப்பம். யுபிஐ பின் எண்ணும் அப்படியே. பணம் அனுப்ப அது வேண்டும்; பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். “பணம் பெறப் பின் எண்ணை இடுங்கள்” என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் பொய்.

இவையெல்லாம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். என் ஆய்வுத் தோழி ஒருவருக்கு ஐந்து மாத உதவித்தொகை நிலுவை ஒரே தவணையாக வந்தது. அந்த வாரமே ஓர் அழைப்பு: “வீட்டு வாடகைப்படி மட்டும் விடுபட்டிருக்கிறது, சரிபார்ப்பு எண்ணைச் சொன்னால் இன்றே விடுவிக்கலாம்.” அழைத்தவருக்கு அவருடைய பெயர், நெறியாளரின் பெயர், பதிவு எண், வங்கிக் கிளை எல்லாம் தெரிந்திருந்தன. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் சில நிமிடங்களில் போயிற்று. உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்ததால் ஒரு பகுதியை முடக்க முடிந்தது. மீதிக்கு வங்கி பொறுப்பேற்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே இரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும்.

“இவ்வளவு படித்தவர் எப்படி நம்பினார்?” என்று எல்லோரும் கேட்டார்கள். “அழைத்தவருக்கு அவ்வளவும் எப்படித் தெரிந்தது?” என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விரிதாள் உலவிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அனைவரின் பெயர், ஆதார், பான், வங்கிக் கணக்கு, நெறியாளர் விவரங்களும் அதில் இருந்தன. இணைப்பு கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம். மோசடிக்காரர் அதைத்தான் பார்த்தார் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அவர் சொன்னவை அனைத்தும் அதில் இருந்தன.

களப்பணியில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! ஒரு மூதாட்டியின் குரலைப் பதிவு செய்யுமுன் ஒப்புதல் பெறுகிறோம். பெயரை நீக்கிக் குறியீடு இடுகிறோம். அந்த அக்கறையில் சிறு பங்கும் நம் ஆதார் எண்ணுக்குக் கிடைப்பதில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வருகைப் பதிவுக்கும் கருத்தரங்கச் சான்றிதழுக்கும் ஆதார் எதற்கு?

நாம் செய்யக்கூடியவை சில. அடையாளச் சான்று போதுமான இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். கைரேகையைக் கொண்டு பணம் எடுக்கும் முறையில் ஓடிபி காவல் இல்லை என்பதை நினைவில் கொள்க. உதவித்தொகை வரும் கணக்கை யுபிஐயுடன் இணைக்காமல், சிறுதொகை மட்டும் உள்ள வேறொரு கணக்கை இணைக்கலாம்.

இவை தனிமனிதக் காவல்கள். விரிதாளை மூடுவது அலுவலகத்தின் கடமை. அதைக் கேட்பதற்கு ஆய்வாளர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. நம் கோப்புகள் நகர்வது அவர்கள் கையெழுத்தில். ஆயினும் நான் எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து இணைப்பு மூடப்பட்டது. ஒருவருக்குப் பதிலாக நாற்பது பேர் கேட்டிருந்தால் மறுநாளே மூடியிருப்பார்கள். உங்கள் துறையிலும் அப்படியொரு விரிதாள் இருக்கக்கூடும். இன்றே தேடிப் பாருங்கள்.