பாஸ்ராவில் எண்ணாகிப்போன சிப்பாய்கள்

இராக்கின் பாஸ்ராவிலிருந்து நாசிரியா போகும் சாலையில், வறண்ட வெளியில் 80 மீட்டர் நீளத்துக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவிலிருந்து போன வெண்கல்லில் எழுப்பிய மண்டபம் அது. முதல் உலகப் போரில் மெசபடோமியாக் (இன்றைய இராக்) களத்தில் இறந்து, புதைத்த இடம்கூடத் தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டோரின் நினைவகம். 1929இல் ஷத் அல் அரப் ஆற்றங்கரையில் திறந்தார்கள். 1997இல் சதாம் உசேனின் ஆணைப்படி பெயர்த்தெடுத்து இங்கே கட்டினார்கள்.

அந்தக் களத்தில் குண்டுக்குத் தப்பியவர்களையும் நோய் விடவில்லை. காலரா, வயிற்றுக்கடுப்பு, குடற்காய்ச்சல், மலேரியா, போதாததற்குக் கோடை வெயில். குத் அல் அமாராவில் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சூழ்ந்து 1915 டிசம்பரில் தொடங்கிய துருக்கிய முற்றுகை 147 நாள் நீடித்தது. காய்கறி கிடையாது; குதிரை இறைச்சியை இந்தியச் சிப்பாய்கள் பலர் தொடவில்லை. ஈறு வீங்கி, பல் ஆடி, ரத்தம் கசியும் ஸ்கர்வி அவர்களைப் படுக்கையில் தள்ளியது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் வீரர்களுக்கு பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் வந்தது.

பாக்தாத்தைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி ஸ்டான்லி மாட், 1917 நவம்பரில் அதே நகரில் காலராவில்தான் இறந்தார். அவருக்கு அங்கே தனிக் கல்லறை மண்டபம் உண்டு. அதே நோயில் மாண்ட சிப்பாய்க்குப் பெயர்கூட இல்லை. பாஸ்ராவின் கற்பலகைகளில் அதிகாரிகளின் பெயர்களும் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயரும் இறந்தோர் எண்ணிக்கையும் மட்டுமே.

மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையும் மெசபடோமியாவுக்குப் போனது. நம் ஊர்ப் பக்கம், வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பாருங்கள்: இங்கிருந்து உலகப் போருக்குப் போனவர்கள் 277, உயிர் விட்டவர்கள் 14. அங்கேயும் எண்தான்.

சண்டையில் விழுந்தவரைப் பற்றி வீட்டில் ஒரு கதையாவது மிஞ்சும். கூடாரத்தில் பேதி கண்டு இறந்த கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது. அவருக்குப் பெயர்தான் எல்லாம். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே, நினைவுகூர்வதில் பாகுபாடு காட்டப்பட்டதை 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பெயர்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆணையத்தின் பதிவேட்டில் சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா வரை குறித்திருக்கிறார்கள். இணையத்தில் யாரும் தேடலாம். ஆனால் ஏட்டில் இருந்தால் போதாது. இத்தனை பெயர்களும் தெரிந்திருக்கும்போது அவற்றைக் கல்லில் வெட்டாமல் இருக்க இனி ஒரு காரணமும் கிடையாது.