ஜிந்துப்பிட்டியிலிருந்து சுவாமிமலைக்கு

கொட்டாஞ்சேனைக்கும் செட்டியார் தெருவுக்கும் நடுவே, துறைமுகத்தின் ஓசை கேட்கும் தொலைவில் நெருங்கிக் கிடக்கும் ஜிந்துப்பிட்டியிலே வாழ்கிறவர்களுக்குத் தெய்வத் திருமேனிகளைத் தரிசிப்பது நித்திய வழக்கம். எங்கள் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலிலும், பொன்னம்பல முதலியார் 1857-ஆம் ஆண்டில் நிறுவ, அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற் கோயிலாகப் புதுப்பித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்திலும், ஆடிவேல் புறப்படும் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலும் உற்சவ மூர்த்திகள் எழுந்தருளும்பொழுது, அலங்காரத்தையும் ஆராதனையையும் கண்டு கைகூப்புகிறோமேயன்றி, அந்தத் திருமேனியை வார்த்த கை எவருடையது, எந்த நெருப்பில் அது உருவாயிற்று என்று கேட்பவர் நம்மிற் சிலரே. கேட்பவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "அது இந்தியாவில, சாமிமலையில செய்விச்சது." அந்த விடையைப் பின்பற்றிச் சென்ற பிரயாணமே இங்கு நான் எழுதப் புகுவது.

சுவாமிமலைக்குப் புறப்படுமுன் கொழும்பு நூதனசாலையில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது அவசியமென்று கருதினேன். கிரெகரி தேசாதிபதியின் முயற்சியால் 1877-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த வெண்மாளிகையிலே, பொலனறுவைச் சிவ தேவாலயங்களின் சூழலில் 1907, 1908-ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் அவர்களும், பின்னர் 1960-இல் அத்திணைக்களத்தாரும் மண்ணிலிருந்து மீட்ட செப்புத் திருமேனிகள் சில வைக்கப்பட்டுள்ளன. இராசராச சோழனின் படைகள் 993-ஆம் ஆண்டளவில் இத்தீவின் வடபாகத்தைக் கைப்பற்றியதும், 1017-இல் இராசேந்திரன் அவ்வெற்றியை முற்றுவித்ததும், பொலனறுவை ஜனநாதமங்கலம் என்னும் பெயரோடு சோழர் தலைநகராய் விளங்கியதும், 1070-இல் விஜயபாகு மன்னன் அதனை மீட்டதும் சரித்திரம் அறிந்த செய்திகள். சோழர் ஆட்சி நீங்கியபின்னும் வழிபாடு நீங்கவில்லை என்பதற்கு இத்திருமேனிகளே சாட்சி. நடராசர், சிவகாமி, மாணிக்கவாசகர் ஆகியோரைக் கடந்து சுந்தரமூர்த்தி நாயனாரின் முன் வந்தவர் எவரும் சிறிது நேரம் தாமதியாமற் போகமுடியாது. மணக்கோலத்து இளைஞராக, எதிர்ப்பட்டதொரு அற்புதத்தைக் கண்டு மெய்ம்மறந்தவர்போல நிற்கும் அவ்வுருவத்திலே, உதட்டின் ஓரம் ஒன்றே போதும் வார்த்தவனின் மேதையை அறிய. இந்த நாட்டிற் பிறந்து கலையுலகம் முழுதும் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி 1914-ஆம் ஆண்டில் இலங்கை வெண்கலச் சிற்பங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய உறவினரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொலனறுவைச் சிற்பங்களையும் சிவ வழிபாட்டையும் இணைத்து ஆராய்ந்தார்.

முன்னாளிலே தமிழ்நாட்டுக்குச் செல்லும் ஜிந்துப்பிட்டிவாசிகள் கோட்டை நிலையத்தில் இரயிலேறித் தலைமன்னாரில் இறங்கி, கப்பலேறித் தனுஷ்கோடியை அடைந்து, அங்கிருந்து மீண்டும் இரயிலிற் செல்வார்கள். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதையும் அழிந்தது. இன்று ஆகாய விமானம் திருச்சிராப்பள்ளியில் இறக்கிவிடுகிறது. தஞ்சாவூரைக் கடந்து, கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியின் கரையில், அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய சுவாமிமலை வந்துவிடுகிறது. அறுபது தமிழ் வருஷங்களைக் குறிக்கும் அறுபது படிகளை ஏறிச் சுவாமிநாதனைத் தரிசித்துக் கீழே இறங்கினால், தெருவுக்குத் தெரு உளியின் ஓசையும் அரத்தின் ஓசையும் கேட்கின்றன.

இங்குள்ள ஸ்தபதிகளின் முன்னோர் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய காலத்தில் இராசராசனால் அழைத்துவரப்பட்டவர்கள் என்பதும், பின்னர்த் தாராசுரத்துத் திருப்பணிக்கு வந்து, அங்கிருந்து சுவாமிமலையில் நிலைத்தவர்கள் என்பதும் அவர்களிடையே வழிவழி வரும் ஐதிகம். அதைவிட வலிமையான காரணம் ஒன்று ஆற்றிலே இருக்கிறது. காவிரி இவ்விடத்திற் கொண்டுவந்து படியவைக்கும் வண்டல் மண், மாவினும் நுண்ணியதாய், மெழுகின் மேற் பூசியவுடன் நகக்கணுவின் கோட்டையும் விடாது பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நான் சென்ற பட்டறையின் மூத்த ஸ்தபதியார் அம்மண்ணில் ஒரு பிடியை என் உள்ளங்கையில் வைத்து, "தேய்ச்சுப் பாருங்கய்யா, ஒரு மணல்கூடத் தட்டுப்படாது" என்றார். எனக்குத் தட்டுப்படவேயில்லை.

சிற்ப சாஸ்திரங்கள் மதூச்சிஷ்ட விதானம் என்று வழங்கும் இம்முறையில், முதலிற் செய்யப்படுவது மெழுகு விக்கிரகம். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித் துணியில் வடிகட்டி, தண்ணீரில் விட்டு எடுக்கிறார்கள். பருவத்துக்கேற்பச் சேர்மானம் மாறுகிறது. சித்திரை வெயிலில் குங்கிலியம் கூடாவிட்டால் மெழுகு கையிலே துவண்டுவிடும். அளவுக்கு அடிகோல் இல்லை. எத்தனை உயரத்தில் விக்கிரகம் வேண்டுமோ அத்தனை நீளத்துக்குத் தென்னோலையை நறுக்கி, தால மானத்தின்படி மடித்து மடித்து, முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால் என்னும் ஸ்தானங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலமாகிய 124 அங்குலம், தேவியர்க்கு மத்திம தச தாலமாகிய 120 என்ற கணக்கெல்லாம் அந்த ஓலையின் மடிப்புகளில் அடங்கிவிடுகின்றன. ஓலை ஒரு விக்கிரகத்துக்கே உரியது. அடுத்த விக்கிரகத்துக்கு அடுத்த ஓலை.

மெழுகு வேலை செய்துகொண்டிருந்தவர் நடுத்தர வயதினர். அருகில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள்ளே வேலனின் தலையும் கைகளும் தனித்தனியே மிதந்தன. சூடேற்றிய இரும்புக் கோலைத் தோளின் பொருத்துவாயில் ஒரு கணம் தொட்டு, கையை அங்கே அமர்த்தி, உடனே தண்ணீரில் அமிழ்த்தி இறுகச் செய்தார். அந்த ஒரு கணத்தில் தோளின் சாய்வு சற்றே பிசகினாலும் வேல் தாங்கும் கை பாரம் சுமக்கும் கையாகிவிடும் என்பதை, பிசகிய ஒன்றை எடுத்துக்காட்டி எனக்கு விளக்கியபின், அதை மறுபடியும் காய்ச்சும் சட்டியிலே போட்டுவிட்டார்.

முடிந்த மெழுகு விக்கிரகம் தராசில் ஏறுகிறது. மெழுகின் எடைக்கு எட்டு மடங்கு உலோகம் வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்திலும் செம்புக்கும் பித்தளைக்கும் எட்டு மடங்கென்ற அதே கணக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. ஸ்தபதியார் அந்நூலைப் படித்தவரல்லர், தகப்பனாரிடம் கேட்டறிந்தவர். பின்னர் உமிக்கரி சேர்த்தரைத்த வண்டலை மெல்லிய முதற் பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள். பெரிய விக்கிரகமாயின் இரும்புக் கம்பியின் கட்டு. வெயிலிற் காயவைத்தால் மண் வெடிக்கும். ஆதலால் எவருடைய அவசரத்துக்கும் இங்கு இடமில்லை. உலர்ந்த அச்சை வறட்டித் தணலில் வாட்டினால் மெழுகு முழுவதும் உருகி வெளியேறி, உள்ளே விக்கிரகத்தின் வடிவில் வெற்றிடம் மாத்திரம் எஞ்சுகிறது.

வார்ப்பு நாளில் ஒருவரும் அதிகம் பேசுவதில்லை. அச்சைக் குழியில் நிறுத்தி வாய் மட்டும் தெரிய மண்ணால் மூடியிருந்தார்கள். செம்பைப் பெரும்பகுதியாகவும் பித்தளையையும் ஈயத்தையும் சிறுபகுதிகளாகவும் கொண்ட கலவை மூசையிற் கொதித்தது. விக்கிரகம் செய்விப்பவரின் குடும்பத்தார் ஒரு துணுக்குப் பொன்னும் வெள்ளியும் அதில் இட்டுக் கும்பிட்டார்கள். தூய செம்பு உருகுவதற்கே 1085 பாகை வெப்பம் வேண்டும். அந்த உலையின் முன்னே, இடுப்பில் ஒரு வேட்டியும் காலைச் சுற்றி ஈரச் சாக்குமாக நின்றவர்கள் இருவர். நீண்ட கொறடாவால் மூசையைத் தூக்கி, நூலிழைபோல் மெல்லியதாய், இடையறாததாய் அந்த ஒளிப் பிழம்பை அச்சின் வாயில் ஊற்றினார்கள். ஒழுக்கு ஒருமுறை அறுந்தால் விக்கிரகத்தின் உள்ளே பிளவு விழும். மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். மற்றொரு வாயில் உலோகம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அதுவரை மூச்சை அடக்கியிருந்த இளைஞர் ஒருவர் மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வெளியே சென்று நின்றார்.

அச்சை உடைத்தபின் தொடங்கும் உளிவேலைதான் இன்று அதிகக் காலத்தைக் கொள்கிறது. சோழர் காலத்துத் திருமேனிகளில் ஆபரணத்தின் நுணுக்கம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டது. இன்று மெழுகிலே பருவரையாய் விட்டு, உலோகத்தில் உளியால் செதுக்குகிறார்கள். கூர்மை மிகுகிறது, ஆனால் பொலனறுவைச் சுந்தரரின் உதட்டோரத்தில் நான் கண்ட அந்த நெகிழ்ச்சி குறைகிறது என்பது என் அபிப்பிராயம். ஸ்தபதியார் அதை மறுக்கவில்லை. "மெழுகுல நிக்க நேரம் வேணும்யா. ஆர்டர் குடுக்கறவங்க தேதி குறிச்சுக் குடுக்கறாங்க" என்றார். செம்பின் விலை ஏற ஏற முதலாளியின் கவலை மிகுகிறது. கூலிக்கு அரம் பிடிப்பவரின் கவலையோ செம்பு விலையைச் சார்ந்ததன்று, நாளெல்லாம் சுவாசிக்கும் தூசியையும் மாலையில் நடுங்கும் விரல்களையும் சார்ந்தது. விக்கிரகத்தின் பீடத்தில் அவர்களுள் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை.

பொலனறுவைத் திருமேனிகள் தமிழ்நாட்டில் வார்க்கப்பட்டு இங்கு வந்தவையா, இங்கேயே வார்க்கப்பட்டவையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதித்துள்ளனர். எனக்கு அந்த வாதத்திலும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிற் கண்டெடுக்கப்பட்டதும், முன்னாள் தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களால் 1830-இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அளிக்கப்பட்டதுமான தாரா தேவியின் பொன்முலாம் பூசிய திருவுருவம், ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்ததாய், கனவார்ப்பாக வார்க்கப்பட்டது. அது சோழர் இத்தீவில் கால்வைப்பதற்கு இருநூறாண்டுகளேனும் முற்பட்டது. ஆகவே மெழுகையும் மண்ணையும் செம்பையும் ஆளும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதன்று. பௌத்த விகாரையும் சிவாலயமும் ஒரே தொழிலைப் போஷித்தன. கடலின் இரு கரையிலும் இருந்த கைகள் ஒன்றிடம் ஒன்று கற்றன. கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவைப் பகுதியிலே சிங்களக் கம்மாளர்கள் இன்றும் பித்தளை வார்க்கிறார்கள். நாமோ திருமேனி வேண்டுமென்றால் பணத்தையும் அளவையும் மட்டும் அனுப்பிவிட்டு, வித்தையை அக்கரையிலேயே விட்டுவிடுகிறோம். கோபுரத் திருப்பணிக்குச் சுதை வேலை செய்ய வருவோரையும் மாதக்கணக்கில் நம்மிடையே தங்கவைத்து, ஒரு பிள்ளையையேனும் அவர்களிடம் கற்கவிடாமல் வழியனுப்பிவிடுகிறோம். கோயிலுக்குக் கொடுப்பதில் சிறிதும் சளைக்காத கொழும்புத் தமிழர் இவ்விஷயத்தில் இத்தனை காலம் அசட்டையாயிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

விடைபெறுமுன் இதை ஸ்தபதியாரிடம் வெளிப்படையாகவே கேட்டேன்: எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்பினால் கற்றுக்கொடுப்பீர்களா? அவர் தயங்காமல் நிபந்தனைகளைச் சொன்னார். எந்தக் குலத்தவனாயினும் வரலாம். பென்சில் பிடித்துக் கோடிழுக்கும் ஆசை இருக்கவேண்டும். முதலாண்டு முழுவதும் சித்திரமும் ஓலை மடிப்பும், அதன்பின் மெழுகு, உலையின் பக்கம் வர நாலு வருஷமாகும். தங்க இடமும் சாப்பாடும் பட்டறையிலேயே உண்டு. கைச்செலவுக்குக் கோயிலார் மாதந்தோறும் அனுப்பவேண்டும். திரும்பிச் செல்லும்பொழுது ஓர் உற்சவ மூர்த்தியை அவன் கையாலேயே முழுவதும் வார்த்துக் காட்டியபின்தான் அனுப்புவேன் என்றார். இந்நிபந்தனைகளை எழுதி எங்கள் பகுதிக் கோயில் தர்மகர்த்தாக்களிடம் கொடுத்திருக்கிறேன். ஆடிவேல் முடிந்ததும் கூடிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.