பொய்ப் பூச்சியும் மெய்ச் செலவும்

தூண்டில் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், கொட்டாங்கச்சியில் நாலு மண்புழு. அதற்கு மேல் மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே என்ன வேண்டிக் கிடக்கிறது? இந்த அபிப்பிராயத்தோடுதான் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாப்பிள்ளைக்கு அப்போது வேலை போய் மூன்று மாதம். காலையில் வழக்கம் போல் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிடுவார். “அப்பா, அவரை எங்கேயாவது அழைத்துக்கொண்டு போங்களேன்” என்றாள் பெண்.

பக்கத்தில் உள்ள பேக்வெல் என்ற ஊருக்குப் போனோம். அங்கே வை நதியின் பாலத்தடியில் டிரவுட் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மாப்பிள்ளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பொய்ப் பூச்சி போட்டு இதைப் பிடிக்கிறார்கள், மாமா. கற்றுக்கொள்ள வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை” என்றார். மூன்று மாதத்தில் ஆசை என்ற வார்த்தை அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

விடுவேனா? மறுநாளே ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு ரீல் பளபளத்தது. விலையைக் கேட்டேன், என் நாவல் ஒன்றின் முதற் பதிப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் பையில் கையை விட்டேன். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப் போயிற்று. “வேண்டாம், மாமா” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். செய்யத் தகாததைச் செய்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

அண்டை வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். நாற்பது வருஷமாக மீன் பிடிக்கிறவர். வேலிக்கு அப்பாலிருந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ரீலுக்கா அவ்வளவு பணம்? உங்கள் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் பூச்சிக்குக் கனமே கிடையாது. கயிறுதான் கனம், அதுதான் பூச்சியைச் சுமந்து போகிறது. ஆகவே பணத்தை முதலில் கயிற்றில் போடுங்கள்” என்றார்.

கயிற்றின் கனத்துக்கு எண் உண்டாம். டிரவுட்டுக்குப் பொதுவாக 5-ஆம் எண். அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம்தான் இருக்கும். கழியிலும் அதே எண் போட்டிருக்க வேண்டும். 9 அடி நீளமுள்ள கழி புதியவருக்குச் சௌகரியம். எண் பொருந்தாவிட்டால், ஜாதகம் பொருந்தாத கல்யாணம் மாதிரி, இரண்டும் நல்லவையாக இருந்தும் குடித்தனம் நடக்காது. சின்ன மீனுக்கு ரீல் என்பது கயிறு சுற்றி வைக்கும் ராட்டினம்தான், மலிவானதே போதும். பூச்சிகள் அரை டஜன் போதும். இடுப்பளவு ரப்பர்க் காலுறையை இப்போதைக்கு மறந்துவிடலாம். கரையில் நின்றே கற்கலாம். ஆனால் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசக்கூடாது; முள் கண்ணைத் தேடி வரும். அரசாங்க உரிமமும், கரைக்கு உரியவரின் அனுமதிச் சீட்டும் கட்டாயம்.

அப்புறம் அந்த அம்மாள் செய்ததுதான் எனக்குப் பாடம். உள்ளே போய் ஒரு பழைய கழியும் ரீலும் எடுத்து வந்தார். “சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லவில்லை. ஒரு விலை சொன்னார். மாப்பிள்ளை பேரம் பேசினார்! அந்த அம்மாளும் விட்டுக்கொடுக்காமல் வாதாடிக் கடைசியில் கொஞ்சம் குறைத்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தபோது மாப்பிள்ளையின் முதுகு நிமிர்ந்திருந்தது. கயிற்றை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னார். பழசானால் மேற்பூச்சு வெடித்து, மிதக்க வேண்டிய கயிறு முழுகிவிடுமாம்.

ஒரு வாரம் பூங்காவின் புல்தரையில் பயிற்சி நடந்தது. முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல். பின்னால் வீசிய கயிறு நேராக நீளும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் தலையில் வந்து விழும். மாப்பிள்ளைக்குப் பொறுத்திருப்பது பழகிப்போயிருந்தது, சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு சிற்றாற்றுக்குப் போனோம். காலையெல்லாம் ஒன்றும் இல்லை. இரண்டு பூச்சிகளை மரம் வாங்கிக்கொண்டது. வெயில் சாயும் வேளையில் ஒரு ஜாண் மீன் அகப்பட்டது. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே சற்று நேரம் தாங்கியிருந்து விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெண்ணிடம் இரண்டு கைகளையும் விரித்து, “இவ்வளவு பெரிசு!” என்று காட்டினார். மீன் அதற்குள் ஒரு முழமாக வளர்ந்திருந்தது.

பெண் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“அதற்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்” என்றேன். நாவலாசிரியனாக இருப்பதில் இப்படியும் சில உபயோகங்கள் உண்டு.