கீல்

மதுரைக்கார அண்ணன் ஒருவர், ஓஹையோவில் தன் வீட்டு கராஜிலேயே ஏழு வருஷம் ரிவெட் அடித்து ஓர் ஆர்வி-7 விமானம் கட்டினார். அமெரிக்காவில் கட்டியவரே உரிமம் வாங்கி, வருடாந்திரச் சோதனை செய்து கையெழுத்துப் போடலாம். இந்த வருஷம் ஹேங்கரில் டார்ச் பிடிக்கப் போனேன்.

வாலில் எலிவேட்டரின் பின்விளிம்பிலுள்ள ட்ரிம் டேபை ஆட்டச் சொன்னார். துளி ஆடியது.

"இவ்வளவுதானேண்ணா?" என்றேன். ஆபீஸில் இதை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளியிருப்பேன்.

"காத்துக்கு இவ்ளோ போதும்டா."

ஆட்டம் இருந்தால் வேகத்தில் காற்றே அதைப் படபடக்க வைக்கும், வாலே பிய்ந்துபோகலாம். 2011இல் ரீனோ பந்தயத்தில் ஒரு பழைய பி-51 விழுந்து 11 பேர் இறந்தார்கள். ட்ரிம் டேபின் திருகுகள் தளர்ந்திருந்தன. அவற்றைப் பூட்டும் நட்டுகள் அவ்வளவு பழசு.

அண்ணன் கீலின் கம்பியை உருவினார். நடுவில் தேய்ந்து மினுங்கியது. கீலின் துளைகள் தேயவில்லை. புதுக் கம்பி கோத்து, நழுவாமல் முனையைப் பூட்டி, லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஏறு, ஒரு ரவுண்டு போலாம்."

ஏறுவதற்கு முன் வால்பக்கம் போய் மறுபடி ஆட்டிப் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.