படுத்த பாட்டில்

குர்லா நிலையத்தில் இறங்கியதும் நம்மவர் நாடுவது ஒரு கட்டிங் சாய். அதைக் குடித்து முடிப்பதற்குள் வேலையைப் பற்றியும் வாடகை அறையைப் பற்றியும் செய்தி கிடைத்துவிடும். ஆராதனை முடிந்து, மாட்டுங்காவில் 1940 முதல் நடந்துவரும் கஃபே மெட்ராஸில் இட்லிக்கு வரிசையில் நிற்போரையும் நான் குறை சொல்லேன்.

மதுக்கடையைப் பற்றிக் கேட்டாலோ, "நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கெதற்கு?" என்கிறார்கள் எங்கள் சாலின் சகோதரிகள். சம்பள நாளில் அதன் வாசலுக்குப் பிள்ளையை அனுப்பி, அப்பாவை அழைத்துவரச் சொல்லுகிறவர்களும் அவர்களே.

மகாராஷ்டிர அரசின் 2008ஆம் ஆண்டு ஆணையை அறிவீர்களா? வார்டின் பெண் வாக்காளரில் கால் பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், கடையை மூடுவதுபற்றி வாக்கெடுப்புக் கோரலாம். சீட்டில் இரண்டே படங்கள்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். மராத்தியர் 'ஆட்வி பாட்லி' என்பது இந்தப் படுத்த பாட்டிலைத்தான். எழுத்தறியாத பாட்டியம்மாளும் தடுமாறாமல் முத்திரையிடலாம். அதற்குத் தேவையான பெரும்பான்மை கிடைத்தால் கடை மூடப்படும்.

ஆனால் நம்மில் பலருடைய பெயர் இன்னும் திருநெல்வேலி, தூத்துக்குடி வாக்காளர் பட்டியலில்தானே இருக்கிறது! இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தாலும் அவர்கள் கையெழுத்து இம்மனுவில் செல்லாது. பெயரைக் குர்லாவுக்கு மாற்றத் தேர்தல் ஆணையத்தின் படிவம் 8 போதும்.