கூடாரத்துள் ஓர் அடுப்பு

ஒண்டாரியோவின் அல்கொன்குவின் வனப்பூங்காவில், ஜனவரி இரவொன்றில் -20 பாகை செல்சியஸ் என்பது அதிசயமல்ல. கித்தான் கூடாரத்துள் எரியும் விறகடுப்பு குளிர்காயவே என்பார்கள். நான் அதை ஈரத்தின் பகைவன் என்பேன். பனியில் உருண்டு வந்த இரு பிள்ளைகளின் கையுறைகள் கொடியில் காயாவிட்டால், மறுநாள் வெளியே விளையாட்டே இல்லை.

நெருப்பு அவிந்தால் சற்று நேரத்தில் உள்ளும் புறமும் ஒன்றுதான். ஆகவே உறக்கப்பை வெளிக்குளிரையே தாங்கவேண்டும். குளிரைவிட நான் அஞ்சுவது கார்பன் மோனாக்சைடை. மணமற்ற அவ்வாயு சிறுவர்களை விரைந்து தாக்கும். காற்றுத்துளைகளை அடைப்பதில்லை; எச்சரிக்கைக் கருவி தலைமாட்டில்; தீ அவிந்த பின்னரே உறக்கம்.

நள்ளிரவில் உறைந்த ஏரி குளிரில் சுருங்கி முழங்கியது.

“அப்பா, ஏரிக்கும் குளிருதா?” என்றாள் சின்னவள். பதில் கேட்குமுன் உறங்கிப்போனாள்.